கீழிருந்து வந்த துளை

கௌதள்ளிக்கு அப்பாலுள்ள மலையில் மாலிப்டினம் என்ற உலோகத்தைத் தேடித் துளையிட்டு எடுத்த பாறை உருளைகள் அன்று காலை மைசூரு கிடங்கில் வந்திறங்கின. நிலவியலாளர் நிம்மி அவற்றை ஆழ வரிசைப்படி அடுக்கினாள். சாம்பல் நிறத் தாது விரலில் மையாக ஒட்டியது. நல்ல வளம் என்று மகிழ்ந்தவள், ஆக ஆழத்திலிருந்து வந்த கடைசி உருளையைப் புரட்டியதும் திகைத்துப்போனாள்.

அதன் அடிப்பக்கத்தில், நட்டநடுவே, விரல் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை இருந்தது. அது மேல்நோக்கிப் பாதி தூரம் ஏறி நின்றிருந்தது. உள்ளே பாறைத்தூள் இன்னும் ஈரமாக இருந்தது.

மலையில் துளை எந்திரம் ஓட்டும் சுப்பையாவுக்குப் போன் செய்தாள்.

"சுப்பையாண்ணா, அங்க நமக்கு முன்னாடி யாராச்சும் போர் போட்டாங்களா?"

"இல்லீங்க மேடம். நாமதான் மொதல்ல."

"மெஷின் ஓடுதா? சத்தம் கேக்குதே."

"காலையிலயே நிறுத்திட்டமுங்க. துளைக்கிற நம்ம ராடு எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டாச்சு." அவர் குரல் தாழ்ந்தது. "குழிக்குள்ளருந்து வேற ஒரு ராடு சுத்திக்கிட்டே மேல வருதுங்க."

"எல்லாரையும் கூட்டிக்கிட்டு எறங்குங்கண்ணா, ஓடுங்க!"

போனில் துளைக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு, வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டதுபோல், அதுவும் நின்றது.