ஜால்ரா போடும் போன்

அவர் கையை நீட்டினார்.

அவள் போனைக் கொடுக்கவில்லை.

"என் போன் வேணாங்க சார். எங்க கடை வருதான்னு உங்க போன்ல தேடுங்க."

சொல்லி முடித்ததும் அவளுக்கே பகீரென்றது. வேலை கேட்டு வந்த இடத்தில் இப்படியா பேசுவது?

மேனேஜர் தனசேகர் நிமிர்ந்து பார்த்தார். அதுவரை அவளுடைய விண்ணப்பத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சான்றிதழ்கள் என்ற கட்டத்தில் அவள் ஒரு கோடு போட்டிருந்தாள்.

நெட்டில் தேடுகிறவர்களுக்கு ஒரு கடை முதலில் கண்ணில் படும்படி செய்கிற வேலை இது. எஸ்.இ.ஓ. என்பார்கள். அதற்குப் பரீட்சை உண்டு, பாஸ் செய்தால் சர்டிபிகேட் உண்டு. வெளியே பெஞ்சில் இருந்த மூன்று பேரும் பைலோடு வந்திருந்தார்கள். ஒருத்தன் பிளாஸ்டிக் உறையில் ஏழு சர்டிபிகேட் வைத்திருந்தான். அதை எண்ணிப் பார்த்துத் தொலைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

இந்த வேலை இல்லையென்றால் மறுபடியும் பனியன் கம்பெனிதான். நின்றுகொண்டே நூல் பிசிறு வெட்ட வேண்டும். பதினோரு வருஷம் வெட்டியாகிவிட்டது.

"ஏன் உங்க போன் வேணாங்கறீங்க?"

"அது எனக்கு ஜால்ரா போடுமுங்க சார்."

தனசேகர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அந்த ஜால்ராவுக்கு ஒரு கதை இருக்கிறது.

புருஷன் சென்னியப்பனுக்கு மிக்ஸி ரிப்பேர் கடை. அவள்தான் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு அதற்கு நெட்டில் ஒரு பக்கம் போட்டிருந்தாள். ஒருநாள் காலையில் தேடினால், கடை முதல் இடத்தில் நிற்கிறது! அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு கிலோ ரவையில் கேசரி கிளறி வீதி முழுக்கக் கொடுத்தாள்.

கேசரியை வாயில் போட்டுக்கொண்டே எதிர்வீட்டு சரசு தன் போனில் தேடினாள்.

முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஐந்தாம் பக்கத்தில், ஒரு இட்லிமாவுக் கடைக்குக் கீழே கிடந்தது.

தினமும் நூறு தடவை தன் கடையையே தேடித் திறந்துகொண்டிருந்தால், இவளுக்குப் பிடித்தது இதுதான் என்று போன் அதையே முதலில் காட்டாமல் என்ன செய்யும்? சென்னியப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு மாதத்துக்கு அவளைக் கேசரி என்றுதான் கூப்பிட்டான். மானமே போயிற்று.

அன்றைக்கு வந்தது பாருங்கள் ஒரு ரோஷம். சர்வீஸ், சொல்யூஷன் என்று வீடியோக்காரர்கள் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் தூக்கிக் கடாசினாள். கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு வருகிற பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டே முதலில் என்ன சொல்கிறார்களோ, அதை அப்படியே நோட்டில் எழுதினாள். அப்படியே கடையின் நெட் பக்கத்திலும் போட்டாள்.

"உங்களுக்கு முன்னாடி வந்துட்டுப் போன நாலு பேரும் அவங்க போனைத்தான் காட்டுனாங்க" என்றார் தனசேகர். தன் போனை எடுத்தார். "சரி, என்னன்னு அடிக்கட்டும்?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. வீட்ல மிக்ஸி வெச்சிருக்கற யாரையாச்சும் கேளுங்க."

திமிர்தான். வேறென்ன?

தனசேகர் வரவேற்பு மேஜையில் இருந்த கோகிலவாணியைக் கூப்பிட்டார். "ஏம்மா, மிக்ஸி கெட்டுப்போச்சுன்னா நெட்ல என்னன்னு தேடுவ?"

"எங்கூட்டுது நெசமாவே கெட்டுத்தான் சார் கெடக்குது. மிக்ஸி ஓடுது, சட்னி அரைய மாட்டேங்குது. மூணு நாளா இட்லிக்குப் பொடிதான்."

தனசேகர் அதையே அடித்தார். மிக்ஸி ஓடுது, சட்னி அரைய மாட்டேங்குது.

போன் திரையில் வட்டம் சுற்றியது.

அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அண்ணமார் சாமியைக் கூப்பிட்டாள்.

வட்டம் இன்னும் சுற்றியது.

ஒரு விளம்பரம். இன்னொரு விளம்பரம்.

அதற்கு நேர் கீழே, கையில் ஒரு ஜாரைப் பிடித்தபடி சென்னியப்பன் நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அடி ஆத்தி!

நல்லவேளை, வாய்விட்டுக் கத்தவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. சந்தோஷம்தான். இவ்வளவு சந்தோஷத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் அடக்கமாக உட்கார்ந்திருப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

தனசேகர் பக்கத்தைத் திறந்து படித்தார். மிக்ஸி ஓடி, ஜாருக்குள் பிளேடு மட்டும் சுற்றவில்லையென்றால் பயப்படாதீர்கள், மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது, ஜாரைப் பூட்டுகிற இடத்தில் இருக்கும் கப்ளர்தான் தேய்ந்திருக்கும் என்று எழுதியிருந்தாள். கோகிலவாணியும் அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள்.

இரண்டு பேரும் இன்னும் படித்துக்கொண்டே இருந்தார்கள். அவளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"சார், அந்தப் பரீட்சை எழுதித்தான் ஆகோணுங்களா?"

அவர் பேனாவை எடுத்து விண்ணப்பத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

கோகிலவாணிதான் பேசினாள். "அக்கா, இந்தக் கப்ளர் எனக்கொண்ணு வேணுமே. சாயங்காலம் கடைக்கு வரட்டுங்களா?"

"நீ எதுக்கு அலையற?" என்றார் தனசேகர், எழுதுவதை நிறுத்தாமல். "திங்கக்கிழமை ஒம்போதரைக்கு வர்றப்ப அவங்களே கொண்டாந்துருவாங்க. பரீட்சைய லீவு நாள்ல மெதுவா எழுதிக்கட்டும்."

அவளுக்கு அது காதில் விழுந்து மண்டையில் ஏற ஒரு நிமிஷம் ஆயிற்று.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"உன்னோடது எந்தக் கம்பெனி மிக்ஸி, கண்ணு?" என்றுதான் வந்தது.