மழை ரசிகர்கள்

மழை ரசிகர்களின் முகநூல் குழுவில், வானிலை கணித்துச் சொல்லும் தாமோதரன் சொல்வதுதான் வேதவாக்கு. அன்று தெற்கே கொட்டிய மழையைக் குழுவே கொண்டாடிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் என்ற பெண் கேட்டிருந்தாள்: "அண்ணே, மழ எப்ப விடும்? வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டு. நடக்க முடியாத அம்மைய கட்டில்ல ஏத்தி வச்சிருக்கேன்."

வந்து குவிந்த கேள்விகளுக்கு நடுவே முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு, "இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, அனுபவிங்க!" என்று எழுதினார். நூறு பேர் அதற்கு இதயம் போட்டார்கள்.

மறுநாள் காலையில்தான் முழுவதையும் படித்தார். உடனே, "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். பதில் இல்லை. நான்காம் நாள் வெள்ளம் வடிந்த பிறகும் இல்லை. அவளை யாருக்காவது தெரியுமா என்று குழுவில் கெஞ்சினார்.

ஒருவருக்கும் தெரியவில்லை. கீழே ஒருவர் மட்டும் எழுதியிருந்தார்: "அண்ணா, அடுத்த மழை எப்போ?"