ஊசியின் காது

மாலை வெயில் தையல் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. துணிகளை ஒதுக்கிவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள் தங்கை. அக்காவின் தையல்கடை இணையதளம் ஆறு மணிக்குத் திறக்கிறது. தான் பெரிதாக வரைந்த ஊசிப் படத்தை, பிரவுசர் தாவலில் கடைப் பெயருக்கு முன்னால் நிற்கிற குட்டிச் சின்னத்தின் அளவுக்குச் சுருக்கிச் சேமிக்கிறாள். திரையில் சாம்பல் பூசிய குச்சி ஒன்று வந்து நிற்கிறது. “என்னடி, ஊசிக்குக் காதையே காணோம்? பல் குத்துற குச்சி மாதிரில்ல இருக்கு!” என்று மெஷினை நிறுத்துகிறாள் அக்கா. “இரு அக்கா, சுருக்கினா இப்படித்தான் கலங்கும். சின்னதாவே வரையறேன்.” பதினாறுக்குப் பதினாறு கட்டம் திரையில் விரிகிறது. இரண்டு கட்டங்களுக்கு நடுவே விழுந்த கோடுதான் மங்குகிறது என்று அவளுக்குத் தெரியும். இந்த முறை ஒவ்வொரு கோட்டையும் முழுக் கட்டத்தில் உட்கார வைக்கிறாள். காதுக்கென்று ஒரே ஒரு கட்டத்தை வெறுமையாக விடுகிறாள். ஜேபெக் கோப்பாக்கினால் புள்ளிகள் குழம்பிவிடும் என்று பிஎன்ஜி கோப்பாகச் சேமித்துத் திரையைத் திருப்புகிறாள். அக்கா மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிகிறாள். கையிலிருக்கும் நூலின் முனையை நாக்கில் நனைத்து, முறுக்கி, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, திரையை நோக்கி மெல்ல நீட்டுகிறாள்.