மருந்து படாத கால்

சிறுமி நோயலினின் கால்புண்ணில் ஒட்டியிருந்த துணி சீழில் ஊறி நாறியது. மறைந்த கன்னியாஸ்திரி மதர் ஜெர்த்ரூத்தின் அங்கியிலிருந்து கத்தரித்த புனிதத் துண்டு அது. மதருக்கு, புனிதராவதற்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைக்க அற்புதம் ஒன்று நடக்க வேண்டும். மருந்துக்கு ஆறாத நோயே உலகில் மிஞ்சாததால், கோயில்காரர்கள் மருந்தே படாத உடம்பைத் தேடி வந்தார்கள். ஊருக்கே பெருமை என்று நோயலினின் அம்மா அமலோற்பவமும் தலையாட்டியிருந்தாள்.

"இன்னும் ஒரு நவநாள், ஒம்பது நாள் செபம் முடியட்டும், பொறும்மா," என்றார் பங்குச் சாமியார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "இப்ப மருந்து போட்டா ரோம்ல அற்புதம்னு ஏத்துக்க மாட்டாங்க."

அமலோற்பவம் அந்தக் கைக்குட்டையையே பார்த்தாள்.

"மதர் மருந்துப் பெட்டியத் தூக்கிட்டு வீடு வீடா அலைஞ்சவங்க, சாமி. இதப் பாத்திருந்தா முதல்ல உங்களத்தான் வெளிய தள்ளியிருப்பாங்க."

துணியைப் பிய்த்தெடுத்தாள். மகள் அலறினாள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குக் கிளம்பினாள்.

சாமியார் தடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

"அந்தத் துணியக் குடுத்துட்டுப் போம்மா. அடுத்த தெருவுல ஒரு பிள்ளைக்குப் புண்ணு வந்திருக்காம்."