இடதுபக்கம்

காதல் கல்யாணம் செய்துகொண்ட மகள் ஹரிதாவிடம் கோவர்த்தனன் நான்கு வருஷமாகப் பேசவில்லை. அவள் கனடாவுக்கே போகிறாள் என்று தெரிந்ததும், மனசு கேட்காமல் புத்தூரிலிருந்து ரேணிகுண்டா ஏர்போர்ட்டுக்கு ஓடிவந்தார்.

வாசலில் நின்ற வடநாட்டுக் காவலரிடம் மகளின் போட்டோவைக் காட்டினார்.

“மேடம் லெஃப்ட்” என்றார் அவர்.

கோவர்த்தனன் இடதுபக்கமாகப் போய்க் கண்ணாடிக் கதவோரம் நின்றார். ‘நல்லா இரும்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் அவருக்கு.

ஒரு மணி நேரம் போயிற்று.

“யாருக்கோசரம் நின்னுக்கினு இருக்கீங்கண்ணா?” என்று கேட்டாள், அங்கே பெருக்கிக்கொண்டிருந்த செங்கம்மா.

“எம்பொண்ணுக்கும்மா. லெஃப்ட்டுல கீறாளாம்.”

செங்கம்மா காவலரிடம் விசாரித்துவிட்டுத் தயங்கித் தயங்கித் திரும்பி வந்தாள்.

“அவரு பக்கத்தைச் சொல்லலண்ணா. உங்க பொண்ணு ஏறின பிளேன் நீங்க வர்றதுக்கு முன்னாடியே போயிடுச்சாம்.”