கையெழுத்தில் ஓர் இணையப் பக்கம்

தன் கையெழுத்து அழகானது என்று கனகசுந்தரத்துக்குப் பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஐம்பது வயதிலும் அவர் அதை மறக்கவில்லை.

தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்களைச் சிபாரிசு செய்யும் அதிகாரி அவர். கவிதையும் எழுதுவார். எல்லாம் கொழுந்து கிள்ளும் பெண்களைப் பற்றியவை. ஜீப்பிலிருந்து பார்த்து எழுதியவை. 2003இல் அவற்றுக்கு ஓர் இணையப் பக்கம் தேவைப்பட்டது. பதுளை பஜாரில், மருந்துக்கடை மாடியில் கணினி வைத்திருந்த ஜெயகுமாரிடம் வந்தார்.

"என்ரை கையெழுத்தையே எழுத்துருவாச் செய்து தாரும், தம்பி. பக்கம் முழுக்க அதிலைதான் வரவேணும்."

எந்த ஊர், யார் பிள்ளை என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. ஜெயகுமாரும் சொல்லவில்லை.

அவனுடைய அக்கா துஷாந்தினி, பூனாகலையில் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் வேலையில்லாமல் இருந்தாள். பரீட்சையில் தேறியும், அவளுக்கு வரவேண்டிய ஆசிரியர் நியமனம், கனகசுந்தரத்தின் துண்டுக் கடிதத்தோடு போன வேறொருத்திக்குக் கிடைத்தது. 'இவருக்குக் கொடுக்கவும்' என்று ஒரே வரி. திகதியும் இல்லை, கையொப்பமும் இல்லை. துஷாந்தினி மனுப் போட்டிருந்தாள். அப்படிப்பட்ட துண்டுகளின் போட்டோப் பிரதிகளை விசாரணையில் காட்டுவதாக எழுதியிருந்தாள். தான் யாருக்கும் துண்டு கொடுத்ததே இல்லை என்று கனகசுந்தரம் பதில் அனுப்பியிருந்தார்.

"அந்தாளுக்கா வேல செய்யிற?" என்றாள் அக்கா.

"அவரு கையால எழுதிக் குடுக்கட்டும். அது ஒனக்குத்தான் வேணும்."

கனகசுந்தரம் ஓர் எழுத்து விடாமல் எழுதிக் கொடுத்தார். 'ஸ்ரீ' மட்டும் திருப்தியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப எழுதினார். ஜெயகுமார் அவற்றை ஸ்கேன் செய்து எழுத்துருவாக்கினான். பக்கத்தின் உச்சியில் 'இது கனகசுந்தரம் அவர்களின் சொந்தக் கையெழுத்து' என்று போடலாமா என்று மெல்லக் கேட்டான். அவர் 'அழகிய' என்ற சொல்லையும் சேர்க்கச் சொன்னார்.

எழுத்துரு இல்லாத கணினியில் கவிதை வெறும் கிறுக்கலாகத் தெரியும். எழுத்துருவைப் பிறர் எடுக்க முடியாதபடி பக்கத்துக்குள்ளேயே பூட்டி வைக்க வழி உண்டு என்றான் ஜெயகுமார். அவர் சம்மதிக்கவில்லை. விரும்பியவர் எல்லோரும் இறக்கிக்கொள்ளட்டும், உலகத் தமிழர் தன் எழுத்தில் எழுதிப் பழகட்டும் என்றார். அக்காவும் தம்பியும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

விசாரணையில் துஷாந்தினி துண்டுகளின் பிரதிகளையும், அச்சடித்த இணையப் பக்கத்தையும் அருகருகே வைத்தாள். எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தது.

கனகசுந்தரம் மறுக்கவில்லை.

"என்ரை எழுத்துத்தான் ஐயா. ஆரும் அதை இறக்கி, என்னவும் அடிக்கலாம். அந்த எழுத்துருவைச் செய்தவர் இந்தப் பிள்ளையின்ரை தம்பி."

மனு தள்ளுபடியானது. போலித் துண்டு தயாரித்ததாக ஜெயகுமாரைப் பொலிஸ் அழைத்துப் போனது.

இணையப் பக்கம் செய்பவர்கள் பதுளையில் வேறு சிலரும் இருந்தார்கள். மனுவிலிருந்த துஷாந்தினியின் பெயரை வைத்து, அவள் வீட்டார் யார் யார் என்று இரண்டு வாரம் விசாரித்த பிறகுதான் கனகசுந்தரம் அந்த மருந்துக்கடை மாடிக்கு ஏறியிருந்தார்.