இரண்டாம் பாதிக்கு முன்

சனிக்கிழமை மதியம். டெக்சாஸ் வெயில் உடைமாற்றும் அறையின் உயரச் சன்னல் வழியே சரிந்து விழுகிறது. வியர்வையும் வலித்தைலமும் கலந்த நெடி. பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில், ஒவ்வொரு நகர்வையும் அறிவித்துப் பந்தை எறியும் குவாட்டர்பேக் வேட் டாலிவர், பதினேழு வயது, கட்டிய ஷூ நாடாவை அவிழ்த்து மூன்றாம் முறையாகக் கட்டுகிறான். முதல் பாதி முடிவில் எதிரணியினர் இருவர் அவன்மேல் மோதியதில் அவன் தலை தரையில் அடித்தது. எழுந்து நின்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். அவனைத் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர் முன்வரிசையில் இருக்கிறார். "எப்படிடா இருக்கு?" என்கிறார் பயிற்சியாளர். "நல்லாருக்கேன், கோச்." அவர் நகர்ந்ததும், ஒவ்வொரு நகர்வின் தொடக்கத்திலும் முன்னால் குனிந்து, தன் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் அவன் கைக்குத் தள்ளும் ரூபெனிடம் சாய்கிறான். "டேய், இன்னிக்கு யாருகூட ஆடுறோம்?" "விளையாடாதடா." வேட் சிரிக்கவில்லை. "கோச்கிட்ட சொல்லிடாத. உங்கம்மா மேல சத்தியம் பண்ணு." ரூபென் அவன் கண்களைப் பார்க்காமல் தலையாட்டுகிறான்.

மைதானத்தில் நாலாயிரம் பேர் வேட்டின் பெயரைக் கூவுகிறார்கள். ரூபென் குனிந்து பந்தைப் பிடிக்கிறான். எதிரே நிற்பவர்களின் மூச்சு கேட்கிறது. பந்தைத் தள்ளச் சொல்லும் வழக்கமான சொற்களை வேட் கூவுவதற்காகக் கூச்சல் முழுவதும் அடங்குகிறது. குரல் வரவில்லை. பிறகு, ரூபெனுக்கு மட்டும் கேட்கும்படி, பின்னாலிருந்து மெதுவாக: "ரூபென், நான் இப்ப என்ன சொல்லணும்?"